வளர்பிறையும் வராகமிகிரரும்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

திங்கள் ஏன் வளர்ந்து தேய்வதாகத் தோன்றுகிறது என்ற வினாவுக்கு இந்திய மரபில் இரு விடைகள் நெடுங்காலம் அருகருகே வழங்கி வந்துள்ளன. தக்கனின் சாபத்தால் சந்திரன் கயரோகமுற்றுத் தேய்கிறான், பின்னர் அருள்பெற்று வளர்கிறான் என்பது புராணம் தந்த விடை. மற்றையது கணியர் தந்தது. பின்னையது முன்னையதை ஏன் அகற்றவில்லை என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். அறியாமையே காரணம் என்று கூறி அமைவது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

கி.பி. 499ஆம் ஆண்டைத் தன் காலக்கணிப்பிற் சுட்டும் ஆரியபட்டீயம், பூமியும் கோள்களும் ஒரு பாதி தம் நிழலாலேயே இருண்டும் ஞாயிற்றை நோக்கிய பாதி ஒளிபெற்றும் உள்ளன என்று கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், தமது பிருகத்சம்கிதையின் நான்காம் அத்தியாயத்தில், வெயிலில் வைத்த குடத்தை உவமைகாட்டி இதனை விளக்கினார். குடத்தின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் தன் நிழலால் இருள்கிறது. திங்களும் எஞ்ஞான்றும் பாதி ஒளியுற்றே உள்ளது. அப்பாதியில் எவ்வளவு எமது கண்ணுக்குப் புலப்படுகிறது என்பதே மாறுகிறது. அமாவாசையில் ஒளிப்பாதி எமக்கு அப்பாற்பக்கமாக அமைகிறது. பௌர்ணமியில் முழுவதும் எம்மை நோக்குகிறது. ஏறத்தாழ 29½ நாளில் இச்சுற்று நிறைவுறும். (பிறை பூமியின் நிழலால் உண்டாவதென்று கற்றோர் சிலரும் இன்னும் மயங்குவதுண்டு. அந்நிழல் சந்திர கிரகணத்துக்கே காரணம்.)

ஆனால் அதே அத்தியாயத்தைத் தொடர்ந்து படிப்போர் திகைப்படைவர். பிறையின் கொம்புகள் ஓடம்போல் அமைந்தால் கடலோடிகளுக்குத் துன்பம். கலப்பைபோல் அமைந்தால் உழவருக்குத் துன்பம். தண்டம்போல் அமைந்தால் அரசன் கடுந்தண்டனை விதிப்பான். கொம்புகளின் சாய்வும் ஒளியின் அமைவைச் சார்ந்ததே என்பதை அறியாதவரல்லர் வராகமிகிரர். எனினும் மன்னனின் கொடுமைக்குப் பிறை பொறுப்பாக்கப்படுகிறது! கணியனில்லாத அரசன் வழியிற் குருடன் போன்றவன் என்று கூறும் நூல் இது. அறிவை நுகர்ந்தது அரசவை. கணியனுக்குச் சோறிட்டதும் அதுவே. பிறை பார்த்துக் கலஞ்செலுத்தியோரும் ஏர்பிடித்தோரும் இந்நூலில் நிமித்தத்தின் பலனை அனுபவிப்போராக மட்டுமே இடம்பெறுகின்றனர் என்பது மனங்கொளத்தக்கது.

இம்முரண்பாடு கி.பி. 628இல் பிரமகுப்தரிடம் கூர்மையடைகிறது. திங்களின் ஒளி ஞாயிற்றினது என்று கொண்டவர் கிரகணத்தை நிழலாகவும் மறைப்பாகவும் கொள்ளாதிருக்க இயலாது. பிரமகுப்தரும் தமது பிரமஸ்புட சித்தாந்தத்தில் நிழலின் அளவைக் கொண்டே கிரகணத்தைக் கணிக்கின்றார். ஆயினும் இராகுவை மறுத்த ஆரியபட்டரையும் வராகமிகிரரையும் அவரே கண்டிக்கின்றார். இராகு காரணமன்றெனில், கிரகண வேளையில் அந்தணர் இயற்றும் கிரியைகள் யாவும் பொய்யாகும். அவற்றால் சுவர்க்கப் பேறும் கிட்டாது என்பது அவர் வாதம். வானியலாளர் ஒருவர் வானத்தைக் கொண்டன்றி, கிரியையைக் கொண்டு வானத்துக்கு விதி வகுக்கும் காட்சியை இங்கு காண்கின்றோம்.

ஏறத்தாழ கி.பி. 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இதைக் கண்டு வியந்தார். சோக்கிரதீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேராதிருக்கவே பிரமகுப்தர் இவ்வாறு எழுதினார் போலும் என ஐயுற்றார். அறிஞருக்கு அறிஞர் காட்டும் பரிவு இது. எனினும் தனிமனித அச்சம் மட்டும் போதிய விளக்கமாகாது என்பதே எமது கருத்து. கிரகண வேளையிற் செய்யும் தானம் பெரும்பயன் தருவதென்று கொள்ளப்பட்டது. சூரிய கிரகணத்தையோ சந்திர கிரகணத்தையோ சுட்டி அந்தணருக்கும் கோயில்களுக்கும் நிலம் வழங்கியமையை இந்தியச் செப்பேடுகளும் கல்வெட்டுக்களும் பல இடங்களிற் பதிவுசெய்துள்ளன. இராகு வெறும் நிழலென்றால் அந்நிலங்களுக்குரிய நியாயமும் ஆட்டங்காணும்.