தீர்வை தீண்டா இரு நிலங்கள்

மீனம்பாக்கத்தில் வந்திறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, பெட்டி எடுக்கப் போகிற வழியில் ஒரு கடை இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டையின் மதில்கள் தொடங்குகின்றன. கடைக்குள் மதுப்புட்டிகளும் வாசனைத் திரவியங்களும் சாக்லேட்டும். மதிலுக்குள் கைபேசிகளும் மின்னணுப் பாகங்களும். கடையைச் சுற்றிவரப் பத்து நிமிடம் போதும். மதிலுக்குள் நுழைந்தால் ஒரு ஷிஃப்ட் முடிந்துதான் வெளியே வரமுடியும். இவ்விரண்டையும் ஒரே தராசில் ஏற்றுவானேன்? ஏற்றியது நாமல்ல, சட்டம்.

2005-ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி, ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது போன்ற மண்டலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள நிலமாகக் கருதப்படும். 2012-இல் ஓட்டல் அசோகா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெங்களூரு விமான நிலையத்தின் டியூட்டி ஃப்ரீ கடையில் நடக்கும் விற்பனை சுங்க எல்லையைக் கடக்கும் முன்பே நடந்துவிடுகிறது, ஆகவே மாநில விற்பனை வரி அதன்மேல் விழாது என்றது. காஞ்சிபுரம் மாவட்டத்துச் செம்மண்ணும் விமான நிலையத்துப் பளிங்குத் தரையும் இப்படி ஒரே கற்பனையால் அயல்நாடாகின்றன. அந்தக் கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். மண்டலத்தில் செய்த கைபேசி சென்னைக் கடைக்கு வந்தால் அது இறக்குமதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லிக்கு லாரியில் வந்த சரக்குக்குச் சுங்கத் தீர்வை!

உறவு சட்டத்தோடு நிற்கவில்லை, பிறப்பிலும் உண்டு. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய காலத்தில், அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1947-இல் உலகின் முதல் டியூட்டி ஃப்ரீ கடையைத் திறந்தவர் பிரெண்டன் ஓ’ரீகன். பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. இறங்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. பயணி இறங்காத ஊரில் கடை எதற்கு? அதே ஓ’ரீகன் 1959-இல் அதே விமான நிலையத்தை ஒட்டித் தீர்வையற்ற தொழில் மண்டலம் ஒன்றை அமைத்தார். பயணி வராவிட்டால் தொழிற்சாலை வரட்டும் என்பது கணக்கு. கடை மூத்தது, மண்டலம் இளையது; பன்னிரண்டு வயது இடைவெளியில் ஒரே தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள்.

இளைய பிள்ளை வெகுதூரம் நடந்தது. 1980-இல் ஷானனுக்கு வந்து பாடம் கேட்டுச் சென்ற சீன அதிகாரிகளில் பின்னாளில் சீன அதிபரான ஜியாங் ஜெமினும் ஒருவர்; அவ்வழியில் ஷென்ஜென் மண்டலம் எழுந்தது. சீன மண்டலங்களை நேரில் பார்த்துவிட்டு வந்த முரசொலி மாறன், வர்த்தக அமைச்சராக 2000-இல் இந்தியாவுக்கான மண்டலக் கொள்கையை அறிவித்தார். காண்ட்லாவில் 1965-லும் தாம்பரத்தில் 1984-லும் ஏற்றுமதி மண்டலங்கள் ஏற்கெனவே இருந்தன என்றாலும், ஸ்ரீபெரும்புதூரின் குலமரபு ஷானன், ஷென்ஜென் வழியாகத்தான் வருகிறது. ஆறே ஆண்டுகளில் நோக்கியாவின் ஆலை அங்கே ஓடத் தொடங்கியது.

சரி, பணம் மிச்சமாகிறதா? வெளிநாடு போகிறவரிடம் ஊரே கேட்பது ஒன்றுதான்: “வரும்போது டியூட்டி ஃப்ரீல ஒரு பாட்டில்.” ஊரின் கணக்கு இந்த இடத்தில் பிசகுவதில்லை. இறக்குமதி விஸ்கிமேல் நெடுங்காலம் இருந்த தீர்வை 150 சதவீதம். ஆயிரம் ரூபாய் இறக்குமதி மதிப்புள்ள புட்டி சுங்கத்தைத் தாண்டும்போதே 2,500 ஆகிவிடும். மாநில வரிகள் அதற்கும் மேல். இத்தனை உயர மதிலுக்கு இப்பால் நிற்கும் கடை, தாராளமாக லாபம் வைத்து விற்றாலும் டாஸ்மாக்கைவிட மலிவாகவே தெரியும். மதிலின் உயரமே கடையின் தள்ளுபடி.

வாசனைத் திரவியத்துக்கு வருவோம். அதன் தீர்வை 2018-இல் உயர்ந்தபோதும் 20 சதவீதம்தான். அதுவும் இறக்குமதி மதிப்பின்மேல், அலமாரி விலையின்மேல் அல்ல. நகரக் கடையில் 5,000 ரூபாய்க்கு விற்கும் புட்டியின் இறக்குமதி மதிப்பு ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் ஏறக்குறைய இருநூறு. விலைக்குள் ஒளிந்திருக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி எழுநூற்றுச் சொச்சம். அத்தனை வரியையும் துடைத்தாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறையாது. மிச்சமெல்லாம் பெயருக்கும் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கிற விலை. அதற்கு எந்த விமான நிலையத்திலும் விலக்கில்லை. இணையக் கடையின் தீபாவளித் தள்ளுபடி அந்த ஐந்தில் ஒன்றை எளிதாக எட்டிப்பிடிக்கும். டாலர் விலை, கடன் அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகவும் போகலாம். சிங்கப்பூர் போய்வரும் நம்மவர்கள் இதை என்றோ கண்டுகொண்டார்கள். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வாங்கச் சையது ஆல்வி சாலை முஸ்தஃபா கடைக்குப் போவார்கள். சாங்கி விமான நிலையத்தின் பளபளப்பில் மயங்குவது அரிது.

இதே கேள்வியை மண்டலத்திடம் கேட்டால், விடையும் ஏறக்குறைய இதே குரலில்தான் வருகிறது. நோக்கியா வந்த காலத்தில், உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையால் கைபேசிக்கு அடிப்படைச் சுங்கமே இல்லை. ஆக, ‘தீர்வையில்லா’ மண்டலத்தில் அந்த ஆலை செய்த முக்கியப் பொருளுக்கு வெளியிலும் அடிப்படைத் தீர்வை கிடையாது! வாசனைப் புட்டியைப் போலவே, பெயர்ப்பலகை சொன்ன ஆதாயம் சிறிது. உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருந்தது: முதல் ஐந்தாண்டு ஏற்றுமதி லாபத்துக்கு முழு வருமானவரி விலக்கு, அடுத்த ஐந்தாண்டுக்குப் பாதி, சலுகை விலையில் நிலம், மாநில வரியில் விட்டுக்கொடுப்பு. கடை, வாசலில் விஸ்கியைக் காட்டி உள்ளே சாக்லேட்டை விற்கிறது. மண்டலம், வாசலில் சுங்க விலக்கை எழுதிவைத்து உள்ளே வருமானவரி விலக்கைத் தந்தது.

விட்ட வரி யார் கைக்குப் போகிறது என்பதிலும் இரண்டும் ஒத்தே நடக்கின்றன. கடையின் கையில் அது முழுதாகத் தங்குவதில்லை. வாசலின் உரிமையாளரான விமான நிலையம் உரிமக் கட்டணமாக ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு வியப்பு என்னவென்றால், 2016-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, இத்தகைய வருவாயில் 30 சதவீதத்தைக் கணக்கில் கொண்டுதான் விமான நிலையக் கட்டணங்கள் வரையறுக்கப்படுகின்றன. அதாவது, கடைப்பக்கமே திரும்பாமல் ஊறுகாய்ப் புட்டியை மட்டும் சுமந்துகொண்டு நடக்கும் பயணிக்கும் அந்த விஸ்கியிலிருந்து சில காசு வருகிறது. மண்டலத்திலும் விலக்கு பெற்றது நிறுவனம். அதன் சிதறல் எட்டாயிரம் பேர்வரை கூலியாகவும், சுங்குவார்சத்திரம் வரைக்கும் வாடகை அறைகளாகவும் மெஸ்களாகவும் வேன் சவாரிகளாகவும் பரவியது. சிதறலின் அளவு வேறு. சிதறுகிற விதம் ஒன்று.

வேறுபாடு மனிதரில்தான் கூர்மையாகத் தெரிகிறது. பயணி ஆண்டுக்கு ஒருமுறை சுங்க எல்லையைக் கடக்கிறார். அவருக்குப் பச்சை வழி, இரண்டு லிட்டர் மது, 2016 விதிகள் நடப்பிலிருந்தவரை 50,000 ரூபாய்க்குச் சாமான். மண்டலத் தொழிலாளி ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இருமுறை கடக்கிறார். அவருக்குக் கழுத்தில் அட்டை, வாயிலில் சோதனை, அனுமதி வரம்பு சூனியம். கடந்து வெளியே வந்ததும் குடிக்கிற டீயின் தூளுக்கும் சர்க்கரைக்கும் ஜிஎஸ்டி உண்டு. உலகத்திலேயே அதிகமுறை ‘வெளிநாடு’ போய்வந்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இருவர்மீதும் அரசுக்கு இருக்கும் சந்தேகம் மட்டும் ஒன்றுதான்: தீர்வையின்றி வைத்த சரக்கு சத்தமில்லாமல் உள்ளே நழுவுகிறதா? பயணியிடம் மூன்றாவது லிட்டரைத் தேடுவார்கள். நோக்கியாவிடம் 2014-இல் மாநில வணிகவரித் துறை 2,400 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய கைபேசிகள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் அதை மறுத்தது. வருமானவரித் துறையின் வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. சிக்கலில் மாட்டிய ஆலை, நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாமல் நின்றுபோய், அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பயணியின் வழக்கு மேசையருகே அபராதத்தோடு முடியும். இந்த வழக்கில் ஓர் ஊரின் சம்பள நாள் முடிந்தது. ஒப்பீடு இந்த இடத்தில் நொண்டுகிறது, நொண்டட்டும்.

தீர்வை மதில் தாழ்ந்தால் வாசலுக்கு என்ன ஆகும் என்பதற்கும் இரு பக்கமும் சாட்சி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு இடையே பயணிப்போருக்கான டியூட்டி ஃப்ரீ விற்பனையை 1999 ஜூலை 1 அன்று நிறுத்தியது. உள்ளே எல்லையே இல்லாதபோது எல்லைக் கடை பொருளற்றது. சென்னையில் பர்மா அகதிகளுக்காக 1969-இல் எழுந்த பர்மா பஜாரின் ‘ஃபாரின் சாமான்’ மவுசும், 1991-க்குப் பின் தீர்வைகள் இறங்க இறங்கக் கரைந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் ஸ்காட்ச் தீர்வையை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் இறக்க வகை செய்கிறது. ஊர் கேட்கும் அந்த ஒரு பாட்டிலின் ஆதாயமும் அத்தோடு சுருங்கும். கைபேசியில் நடந்தது இதற்கு நேர் எதிர்: 2017 ஜூலையில் 10 சதவீதச் சுங்கம் வந்தது, அடுத்த பிப்ரவரிக்குள் அது 20 ஆனது. மதில் எழுந்தபின், நோக்கியா விட்டுப்போன அதே வளாகத்தை 2019-இல் சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் வாங்கியது. முன்பு மதிலுக்கு வெளியே இருப்பது லாபமாக இருந்தது. இப்போது மதிலுக்குள் விற்பது லாபம்.

ஷானனில் அண்ணனும் தம்பியும் ஒரே வேலிக்குள் இருந்தார்கள். நம்மிடம் முப்பது கிலோமீட்டர் பிரிந்திருக்கிறார்கள். அந்தத் தூரம் குறையக்கூடும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர், சுங்குவார்சத்திரத்துக்கு வெகு தொலைவில்லை. அது கட்டி முடிந்தால், ஆலையில் ஷிஃப்ட் முடித்து வரும் வேனும் கடையில் பாட்டில் வாங்கி வரும் காரும் ஒரே சாலையில் திரும்பும். அந்த விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கப்பட வேண்டிய ஏகனாபுரத்தில், நிலத்தைத் தரமாட்டோம் என்று கிராம சபைத் தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறியிருக்கின்றன.