கிண்டி குதிரைக்கும் ரம்மி ஆப்புக்கும் என்ன சம்பந்தம்? – ஒரு வரலாற்றுத் திரெட்



"ரம்மி திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே டாக்டர், அப்புறம் அது எப்படி சூதாட்டம் ஆகும்?"

திற்பரப்பு, குலசேகரம் சுத்துவட்டாரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் இளவயசுப் பையன்கள். கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனா பதில் சொல்லணும்னா பாரிஸுக்கும் கிண்டிக்கும் ஒரு நடை போய்ட்டு வரணும். கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க.

முதல்ல பாரிஸ்.

அங்கே ஒத்தேய் என்று ஒரு பந்தய மைதானம். 1873-ல் திறந்தாங்க. தடை தாண்டி ஓடும் பந்தயங்களுக்கு மட்டுமேயான மைதானம். குதிரை ஓடிட்டே வரும், வழியில் செடிவேலி இருக்கும், தாண்டணும், மறுபடி ஓடணும்.

அங்கே நவம்பர் மாதம் பிரி காம்பாசேரே என்று ஒரு பெரிய பந்தயம். மூணு வயசுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். தூரம் 3,600 மீட்டர்.

மூணு வயசு என்பது குதிரைக்கு எப்படிப்பட்ட வயசு? நம்ம எலும்பு மாதிரியே குதிரை எலும்பின் நுனியிலும் வளர்ச்சித் தகடுகள் உண்டு. முன்னங்காலில் சில தகடுகள் மூட இரண்டு, இரண்டரை வயசு ஆகும். முதுகெலும்பு முதிர இன்னும் சில வருஷம் பிடிக்கும். அதாவது பிளஸ் டூ முடிச்ச பையன் மாதிரி. உயரம் வந்தாச்சு, உடம்பு இன்னும் முழுசா முடியலை.

அப்படிப்பட்ட இளங்குதிரையை ஏன் ஓட வைக்கணும்? அன்றைக்குச் சொன்ன காரணம், இன விருத்தி. ராணுவத்துக்கும் வண்டிக்கும் நல்ல குதிரை வேணும். எந்தக் குதிரையின் வாரிசு நல்லா வரும்னு சீக்கிரம் தெரியணும். அதுக்கு இளவயசிலேயே ஒரு பரீட்சை. பிரான்ஸின் 1891 ஜூன் 2-ம் தேதிச் சட்டமே, குதிரை இனத்தை மேம்படுத்துவதை மட்டும் நோக்கமாகக் கொண்ட பந்தயங்களுக்குத்தான் அனுமதி என்று எழுதியது.

ஆனா மைதானத்துக்கு வந்த கூட்டம் இன விருத்தியைப் பார்க்கவா வந்தது? பணம் கட்ட வந்தது.

இங்கேதான் ஜோசப் ஓலர் வர்றார். பின்னாளில் பாரிஸின் புகழ்பெற்ற மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1867 வாக்கில் அவர் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி புக்கி ஒருத்தர் "இந்தக் குதிரைக்கு ஒண்ணுக்கு அஞ்சு" என்று விலை சொல்வார். கணக்குத் தப்பினால் புக்கிக்கு நஷ்டம். ஓலர் என்ன செய்தார்? எல்லாருடைய பணத்தையும் ஒரே குடத்தில் போடு. நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கட்டும். மிச்சத்தை ஜெயிச்சவங்க பிரிச்சுக்கட்டும்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினால் 1,000. நடத்துபவர் 200 எடுத்துக்கிறார். மிச்சம் 800. ஜெயிச்சவங்க ரெண்டு பேர்னா ஆளுக்கு 400. அவங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

இப்போ அந்தப் பத்துப் பேரும் கையில் மிஞ்சும் பணத்தை மறுபடி மறுபடி கட்டுறாங்கன்னு வைங்க. பத்தாவது சுற்று முடியும்போது 1,000 ரூபாயில் மிஞ்சுவது சுமார் 107 ரூபாய். ஏமாற்று இல்லை, மோசடி இல்லை. நேர்மையா நடந்தாலே கணக்கு இப்படித்தான் முடியும். எந்தக் குதிரை ஜெயிச்சாலும் நடத்துபவருக்கு நஷ்டமே கிடையாது.

ஓலர் சட்டவிரோத சூதாட்டம் நடத்தியதாகத் தண்டிக்கப்பட்டார். ஆனால் 1891 சட்டம் அவருடைய முறையைத்தான் அனுமதித்தது. காரணம் எளிது. குடத்தில் இருந்து உள்ளூர் அறப்பணிகளுக்கும் பங்கு, குதிரை வளர்ப்புக்கும் பங்கு. தண்டிக்கப்பட்டவரின் கண்டுபிடிப்பு வருமான வழியாக மாறியது. நம்ம ஊர் பந்தய மைதானங்களில் 'டோட்' என்று சொல்வாங்களே, அது இதே குடம்தான்.

இப்போ கிண்டிக்கு வருவோம்.

சென்னையில் குதிரைப் பந்தயம் 1777 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலம். நம்ம மண் குதிரை இனத்துக்குப் பேர் போனது இல்லை. பாண்டியர் காலத்திலேயே கடல் வழியாக அரபுக் குதிரைகள் இறங்கின. மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கார். வெள்ளைக்காரர் காலத்தில் அரபுக் குதிரையோடு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருந்து 'வேலர்' குதிரைகளும் கப்பலில் வந்தன. 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது.

இங்கேயும் பெரிய கோப்பைகள் இளங்குதிரைகளுக்குத்தான். இந்தியாவில் பந்தயக் குதிரைகளின் வயசு ஜனவரி 1-ல் கூடும், எந்த மாதம் பிறந்திருந்தாலும். மும்பை மகாலட்சுமி மைதானத்தில் 1943-ல் தொடங்கிய இந்தியன் டெர்பி, அந்தக் கணக்கில் நாலு வயசான குதிரைகளுக்கானது. முதல் டெர்பியை ஜெயிச்சது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரை.

கிண்டி மைதானத்தின் நிலம் அரசாங்கத்துடையது. 160.86 ஏக்கர். 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய்ச் சொச்சம். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு.

கிண்டியில் பணம் கட்டியவர்களில் மகாராஜாக்கள் மட்டும் இல்லை. வாரக்கூலி வாங்கியவரும், கடைச் சிப்பந்தியும், குமாஸ்தாவும் இருந்தாங்க. குதிரையால் குடும்பம் அழிஞ்ச கதை பழைய தமிழ்ப் படங்களில் வந்துட்டே இருக்கும். எழுதினவங்க அதைக் கற்பனையில் இருந்து மட்டும் எடுக்கலை.

1974-ல் கலைஞர் தலைமையிலான அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. கிளப் நீதிமன்றம் போனது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986-ல், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். அதுக்கும் வழக்கு.

சுமார் 20 வருஷம் கழித்து, 1996 ஜனவரி 12-ம் தேதி, உச்ச நீதிமன்றம் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு சொன்னது. கேள்வி ஒண்ணுதான்: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா, திறமையா?

நம்ம ஊர்க்காரங்களுக்கு அதிர்ஷ்டம்னா சட்டுனு புரியும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செஞ்சாங்க. ஆனா களியக்காவிளை தாண்டினால் கேரள லாட்டரி கடை. சீட்டை வாங்கின பிறகு வாங்கினவர் செய்ய ஒண்ணுமே இல்லை. அது முழு அதிர்ஷ்டம்.

குதிரை அப்படி இல்லை என்றது நீதிமன்றம். பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் திறமை, எல்லாம் சேர்ந்துதான் முடிவு. இதையெல்லாம் படிச்சு ஆராய்ந்து பணம் கட்டுவதும் திறமை சார்ந்ததே. அதனால் 1974 சட்டம் இதுக்குப் பொருந்தாது, 1986 சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ரம்மியில் திறமையே பிரதானம் என்று அதே நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருந்தது.

இந்த இரண்டு தீர்ப்பும் வந்தபோது ஸ்மார்ட்போன் கிடையாது. சீட்டாட நாலு பேர் உட்காரணும். குதிரைக்குப் பணம் கட்ட மைதானத்துக்குப் போகணும். ஒரு பந்தயம் முடிஞ்சு அடுத்தது தொடங்க அரை மணி நேரம் ஆகும். மழைக்காலம், விடுமுறை, வீட்டுக்காரம்மா என்று இயற்கையான பிரேக் நிறைய இருந்தது.

பிறகு ஆப் வந்தது. நிறுவனங்கள் 1967, 1996 தீர்ப்புகளைக் கையில் எடுத்துக்கிட்டு நீதிமன்றம் போனாங்க. 2021-ல் தமிழ்நாடு கொண்டு வந்த தடையை அதே வருஷம் ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு மறுபடி சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவை தடைப் பட்டியலில் இருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

கிண்டியில் ஓடிய குதிரை, மலையோரத்தில் பால்வெட்டுக்குப் போகிற பையனின் கைபேசிக்குள் வந்து நின்றது இப்படித்தான்.

இப்போ டாக்டரா என் பதிலைச் சொல்றேன்.

திறமையா அதிர்ஷ்டமா என்பது சட்டத்தின் கேள்வி. நம்ம மூளை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பரிசு எப்போ வரும்னு தெரியாம இருந்தால் மூளை அதையே எதிர்பார்த்துட்டு இருக்கும். ஒரு சீட்டு வித்தியாசத்தில் தோத்தால், "அடுத்த ஆட்டத்தில் வந்துடும்" என்று தோணும். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடைவெளி குறையக் குறைய இந்தப் பிடி இறுகும். அரை மணி நேரத்துக்கு ஒரு குதிரைக்கும், நிமிஷத்துக்கு ஒரு ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. 'திறமை விளையாட்டு' என்ற பெயரே சிலருக்கு ஆபத்தாகுது. லாட்டரியில் தோத்தவர் "நேரம் சரியில்லை" என்று விட்டுடுவார். ரம்மியில் தோத்தவர் "நான் இன்னும் பழகணும்" என்று நினைப்பார். விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி உட்காருவார். நடத்துபவரோ ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துட்டே இருப்பார். ஓலரின் குடத்தை ஞாபகம் வைங்க.

மருத்துவம் இதை ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை. சூதாட்டக் கோளாறை 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கு. நோய் என்றால் சிகிச்சையும் உண்டு.

என்ன பார்க்கணும்? கட்டும் தொகை கூடிட்டே போகும். விட்டதைப் பிடிக்கத் துரத்துவார். வீட்டில் பொய் சொல்வார். கைபேசியை மறைப்பார். நகை அடகு, ஆப் கடன், தூக்கமின்மை, எரிச்சல். இதில் ரெண்டு மூணு சேர்ந்து இருந்தாலே பேச வேண்டிய நேரம் வந்தாச்சு.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாத்துக்கும் தடை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே இல்லாமல். அதை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டன. கிண்டியிலும் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குப் பூட்டுப் போட்டது. அதுவும் நீதிமன்றம் போனது.

தீர்ப்புகள் வரட்டும். சட்டத்தால் கடையை மூட முடியும். ஏற்கனவே மாட்டிக்கிட்டவரின் கடனையும் வெட்கத்தையும் அது தீர்க்காது. அதை வீட்டில் உள்ளவங்கதான் தொடங்கணும். திட்டாதீங்க. "எவ்வளவு போச்சு?" என்பதை முதல் கேள்வியா கேட்காதீங்க. "தூங்கினியா, சாப்பிட்டியா?" என்று தொடங்குங்க. பணப் பொறுப்பைக் கொஞ்ச காலம் வேறொருவர் ஏத்துக்கட்டும். மாவட்டத்தில் அரசு மனநல மருத்துவர்கள் இருக்காங்க. சிகிச்சை இலவசம்.

வாழவே பிடிக்கலை என்று ஒரு வார்த்தை வந்தால் தனியா விடாதீங்க. 14416 – டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இந்த இரண்டு எண்ணையாவது போட்டு வைங்க மக்களே.