பையில் சிரிக்கும் மிக்கியை வரைந்தது யார்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழி மாதிரி சின்ன ஊரில்கூட ஸ்டேஷனரி கடைக்குப் போனால் புத்தகப்பை, தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், நோட்டு லேபிள் என்று எதை எடுத்தாலும் ஒரு கார்ட்டூன் முகம் சிரிக்கும். அது மிக்கி, இது சோட்டா பீம் என்று எல்.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் படத்தை வரைந்த கை யாருடையது? விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முகம் உலகப் புகழ் பெறும், வரைந்தவர் பெயர் மறைந்து போகும். இந்த விசித்திரமான தொழில் எப்படி உருவானது?

கார்ட்டூன் பாத்திரத்தைப் பொருளில் போட்டு விற்கும் பழக்கம் டிஸ்னிக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் தன் முயல் குட்டி பீட்டரை 1903-லேயே பொம்மையாகச் செய்து காப்புரிமை பதிவு செய்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட் அவுட்கால்ட் தன்னுடைய 'பஸ்டர் பிரவுன்' என்ற சிறுவன் பாத்திரத்தை 1904-ல் ஒரு செருப்புக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார். இவர்கள் இருவரும் பாத்திரத்தைத் தாங்களே உருவாக்கி, தாங்களே பேரம் பேசியவர்கள்.

நிலைமை மாறியது மிக்கி மவுஸ் வந்த பிறகுதான். 1929-ல் நியூயார்க்கில் ஒருவர் வால்ட் டிஸ்னியைச் சந்தித்து, குழந்தைகள் எழுதும் நோட்டில் மிக்கி படம் போட்டுக்கொள்ள 300 டாலர் கொடுத்தார். பணமுடையில் இருந்த டிஸ்னி வாங்கிக்கொண்டார். ஆக, மிக்கியின் முதல் வியாபாரமே பள்ளிக்கூடச் சாமானில்தான் ஆரம்பம்! 1932-ல் கே கேமன் என்ற விளம்பரக்காரர் டிஸ்னியின் உரிம வேலைகளைப் பார்க்க வந்தார். அடுத்த வருஷமே இங்கர்சால் கம்பெனியின் மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் கடைகளுக்கு வந்துவிட்டது.

இத்தனை பொருளுக்கும் ஒரே ஆள் வரைய முடியுமா? முடியாது. பல பேர் வரைய வேண்டும், ஆனால் ஒரே ஆள் வரைந்த மாதிரி இருக்க வேண்டும். இதற்குத்தான் 'மாடல் ஷீட்' என்ற அட்டவணை பயன்படுகிறது. பாத்திரத்தின் உயரம் எத்தனை தலை அளவு, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எப்படித் தெரியும், எந்த நிறம் எங்கே வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இரண்டும் வட்டமாகவே தெரிய வேண்டும். கையில் கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரல்தான். வரைந்து முடித்ததும் உரிமையாளர் கம்பெனி பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அச்சுக்குப் போகும். அதாவது, தன் கைவண்ணம் தெரியாமல் வரைவதுதான் இந்த வேலையின் திறமை.

திறமை சரி, பலன்? டிஸ்னியின் வாத்துக் கதைகளை 1942 முதல் 1966 வரை வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். புத்தகத்தில் இருந்ததோ வால்ட் டிஸ்னி பெயர் மட்டும். ஆனாலும் வாசகர்கள் கோட்டின் அழகை வைத்தே 'நல்ல வாத்து ஓவியர்' என்று அவரை அடையாளம் வைத்திருந்தார்கள். 1960-ல்தான் அவர் பெயரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார்கள்.

இதைவிடக் கொடுமை சூப்பர்மேன் கதை. ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்த அந்தப் பாத்திரத்தின் உரிமையை 1938-ல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சில வருஷங்களிலேயே சூப்பர்மேன் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் கடைகளில் குவிந்தன. உருவாக்கிய இருவரும் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், உரிமை திரும்பவில்லை. கடைசியில் 1975-ல் பத்திரிகைகளில் விஷயம் வெடித்த பிறகுதான் வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. அப்போது ஷூஸ்டரின் கண்பார்வை மிகவும் மங்கிப் போயிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். ஏர் இந்தியா மகாராஜா 1946-ல் பிறந்தார். யோசனை பாபி கூக்காவுடையது, வரைந்தவர் உமேஷ் ராவ். முதலில் விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் குறிப்பேட்டுக்காகத்தான் வரைந்தார்கள். அமுல் குட்டிப் பெண்ணை 1966-ல் வரைந்தவர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ். ஏஷியன் பெயிண்ட்ஸ் டப்பாவில் பிரஷ்ஷும் கையுமாக நின்ற 'கட்டு' என்ற சிறுவனை 1954-ல் வரைந்தவர் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர்.கே.லக்ஷ்மண். 2002-ல் கட்டுவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இவர்களில் லக்ஷ்மணை நாடே அறியும். அதற்குக் காரணம் பெயிண்ட் டப்பா இல்லை, நாளிதழில் தினமும் கையெழுத்தோடு வந்த கார்ட்டூன்தான். அப்படி ஒரு கையெழுத்து இல்லாத உமேஷ் ராவை எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரிட்டிஷ் கதைகளை உரிமம் வாங்கித் தமிழில் கொடுத்தது. மாயாவியைத் தெரியாத காமிக்ஸ் ரசிகர் உண்டா? ஆனால் 1962-ல் 'வேலியன்ட்' இதழில் அந்தப் பாத்திரத்தை முதலில் வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. அதனால் கதை கடல் தாண்டி சிவகாசி வரை வந்தது, பெயர் லண்டனிலேயே நின்றுவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்த படத்தின் முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்று கொள்ளப்படும். ஆனால் 57-வது பிரிவு ஒரு முக்கியமான விஷயத்தைக் கொடுக்கிறது. உரிமையை விற்ற பிறகும் 'இதைப் படைத்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு.

சட்டத்தில் இருப்பது பையில் அச்சாவதில்லை என்பதுதான் நடைமுறை. 2008-ல் டி.வி.க்கு வந்த சோட்டா பீம் நம் ஊர்ப் பாத்திரங்களுக்கும் பெரிய சந்தை உண்டு என்று காட்டிவிட்டது. இனி இந்த வேலைக்குப் போகும் இளைஞர்கள் நம் ஊரிலும் கூடுவார்கள். அவர்கள் மிக்கியின் காதை வட்டமாக வரையக் கற்கும் அதே நேரத்தில், கையெழுத்துப் போடும் காகிதத்தை முழுசாகப் படிக்கவும் கற்க வேண்டும். ஷூஸ்டருக்கு அந்த 130 டாலர் காகிதம் வாழ்நாள் முழுக்க விலை வைத்தது.