நினைவகச் சீட்டின் எண்கள்: மடிக்கணினி ராமின் தரநிலை வரலாறு

மடிக்கணினியின் நினைவகத்தைக் கூட்ட எண்ணுபவர் முதலில் எதிர்கொள்வது, ராம் பலகையின் மீதுள்ள ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்ட எழுத்துகளும் எண்களும்தாம். தலைமுறை, வேகம், மின்னழுத்தம், தாமதம் என அவை சுட்டும் பண்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையை ஒட்டி வரையறுக்கப்பட்டவை. அந்த வரலாற்றை அறிந்தால், எந்த எண் கட்டாயம் பொருந்தியாக வேண்டும், எது சற்று மாறினாலும் கேடில்லை என்பது எளிதில் விளங்கும்.

இன்றைய ராமின் அடிப்படை அமைப்பு, ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டுக்கு 1968-இல் வழங்கப்பட்ட காப்புரிமையில் உள்ளது. ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கியும் இணைந்து ஒரு பிட் தகவலைத் தாங்கும் என்பதே அதன் சாரம். மின்தேக்கியிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் அதை இடைவிடாது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே இவ்வகை நினைவகம் டைனமிக் ராம், சுருக்கமாக டிராம், எனப்பட்டது. 1970-இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்னும் டிராம் சில்லு 1,024 பிட்டுகளை மட்டுமே கொண்டிருந்த போதிலும், அதுவரை கணினிகளில் கோலோச்சிய காந்த வளைய நினைவகத்தைச் சில ஆண்டுகளிலேயே பின்னுக்குத் தள்ளியது.

தொடக்கத்தில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையில் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டன. பல சில்லுகளை ஒரு சிறு பலகையில் பதித்து, அப்பலகையை மொத்தமாகச் செருகும் சிம் என்ற அமைப்பை 1980-களின் தொடக்கத்தில் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் 30 பின் வடிவம் ஒரே நேரத்தில் 8 பிட்டுகளையும், அடுத்து வந்த 72 பின் வடிவம் 32 பிட்டுகளையும் கடத்தின. பலகையின் இரு முகங்களிலும் தனித்தனி மின்தொடுப்புகளைக் கொண்ட டிம் வந்த பிறகு அகலம் 64 பிட்டாயிற்று. இவ்வடிவங்களைப் பொதுவாக்கிய அமைப்பு, சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் சில்லு உற்பத்தியாளர்களே உறுப்பினராக அமர்ந்து தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் ஆகும்.

மடிக்கணினிகளுக்கு இந்த ஒழுங்கு சற்றுத் தாமதமாகவே வாய்த்தது. ஏறத்தாழ 133 மில்லிமீட்டர் நீளமுள்ள மேசைக்கணினிப் பலகைக்கு அவற்றின் உடலில் இடமில்லாததால், 1990-களின் தொடக்கத்தில் பல நிறுவனங்கள் தத்தம் மாதிரிகளுக்கு மட்டும் பொருந்தும் நினைவக அட்டைகளைச் செய்தன. வாங்கியவர் கூடுதல் ராமுக்கு அதே மாதிரிக்கென்று செய்யப்பட்ட அட்டையைத் தேடவும், கேட்ட விலையைக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. ஏறத்தாழ பாதி நீளமே உள்ள சோடிம் பலகைக்கு ஜெடெக் தரநிலை வகுத்த பின்னரே, யார் செய்த ராமையும் யார் செய்த மடிக்கணினியிலும் பொருத்தலாம் என்ற நிலை பிறந்தது.

அதன் பிறகு தலைமுறை மாற்றங்கள் தொடர்ந்தன. கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தகவல் கடத்தும் டிடிஆர் தரநிலை 2000-இல் வெளியானது. அதன் மின்னழுத்தம் 2.5 வோல்ட். டிடிஆர்2 1.8 வோல்ட்டிலும், 2007-இல் வந்த டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், 2012-இன் டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், 2020-இன் டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. மின்கலத்தை நம்பியிருக்கும் கருவிக்கு இந்தப் படிப்படியான இறக்கம் பெரும் ஆதாயமாக இருந்தாலும், ஒரு தலைமுறையின் பலகையை இன்னொன்றின் ஸ்லாட்டில் பயன்படுத்த இயலாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. டிடிஆர், டிடிஆர்2 சோடிம்கள் இரண்டுக்கும் 200 பின்களே என்பதால், தவறான பலகை உள்ளே நுழையாதபடி அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டது. பின்னர் பின்களின் எண்ணிக்கையே 204, 260, 262 என மாறியது.

பெயரிடும் முறையிலும் சந்தைப் போட்டியின் தடம் உண்டு. பிசி100, பிசி133 என்ற பழைய பெயர்கள் மெகாஹெர்ட்ஸ் அளவைக் குறித்தன. போட்டியாக வந்த ராம்பஸ் வகை நினைவகம் பிசி800 என்ற பெயருடன் விற்பனையில் இருந்த சூழலில், டிடிஆர்-266 பலகை, நொடிக்கு 266 மில்லியன் பரிமாற்றங்களை 8 பைட்டால் பெருக்கி வரும் மெகாபைட் கணக்கைத் தழுவி, பிசி2100 எனப்பட்டது. டிடிஆர்3-1600, பிசி3-12800 என்ற இரு பெயர்களும் ஒரே வேகத்தைச் சுட்டுவதும், வாங்குவோர் அவற்றை வேறுவேறாகக் கருதிக் குழம்புவதும் இதனால்தான்.

8 ஜிபி டிடிஆர்3 பலகை ஒன்றின் சீட்டில் ‘2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்-11’ என்றிருப்பதாகக் கொண்டால், ‘2ஆர்’ என்பது 64 பிட் அகலமுள்ள சில்லு வரிசைகள் இரண்டு உள்ளன என்பதையும், ‘எக்ஸ்8’ ஒவ்வொரு சில்லும் 8 பிட் வழங்குவதையும், ஆகவே மொத்தம் 16 சில்லுகள் என்பதையும் தெரிவிக்கும். ‘எல்’ 1.35 வோல்ட்டில் இயங்கும் குறைமின்னழுத்த வகையையும், ‘எஸ்’ சோடிம் வடிவத்தையும் குறிக்கும். இறுதியிலுள்ள 11, கட்டளைக்கும் தகவல் வருகைக்கும் இடையில் கழியும் துடிப்புகளின் எண்ணிக்கை. 800 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 11 துடிப்புகள் 13.75 நானோ நொடி; டிடிஆர்4-3200 பலகையின் 22 துடிப்புகளும் 1,600 மெகாஹெர்ட்ஸில் அதே 13.75 நானோ நொடிதான். தலைமுறைகள் மாறியும் காத்திருப்பு நேரம் பெரிதும் குறையவில்லை. ஒரு நேரத்தில் அள்ளித் தரும் அளவே பெருகியது.

இவற்றுள் தலைமுறையும் வடிவமும் விட்டுக்கொடுக்க இயலாதவை. மின்னழுத்தமும் அவ்வாறே: 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகள் 1.35 வோல்ட் வகையையே ஏற்றன. வேகம் அவ்வளவு கண்டிப்பானதன்று. பலகையிலுள்ள ஒரு சிறு சில்லு தன் பலகையின் பண்புகளைக் கணினிக்கு அறிவிப்பதால், வேகம் வேறுபட்ட இரு பலகைகள் பொதுவாகக் குறைந்த வேகத்தில் ஒத்து இயங்கும். கொள்ளளவின் உச்சவரம்பைச் செயலியும் அதன் துணைச் சில்லுகளும் இயங்குதளமும் தீர்மானிக்கின்றன.

ஆனால் 2008-இன் மேக்புக் ஏர் போன்ற மெல்லிய கருவிகள், ராமைத் தாய்ப்பலகையிலேயே சாலிடர் செய்யும் வழக்கத்துக்கு வழிகாட்டின. இடமும் மின்சாரமும் மிச்சமாயின. பிற்காலத்தில் கூட்டும் வாய்ப்பு போயிற்று. வேகம் ஏற ஏற சோடிம் ஸ்லாட்டின் நீண்ட மின்பாதைகளும் தடையாயின. 2022-இல் டெல் தன் பிரிசிஷன் மடிக்கணினிகளில் அறிமுகப்படுத்திய, திருகாணியால் அழுத்திப் பொருத்தும் தட்டையான பலகையை ஒட்டி, 2023 டிசம்பரில் ஜெடெக் வெளியிட்ட காம்2 தரநிலை இவ்விரு சிக்கல்களுக்கும் ஒருசேர விடை தேடுகிறது. ஒரு நிறுவனத்தின் தனி வடிவமாகத் தொடங்கியது பொதுத் தரநிலையாக ஏற்கப்பட்ட பின்னரே பிறரும் அதற்கேற்ற பலகைகளைச் செய்ய முன்வந்தனர் என்பது கருதத்தக்கது. ஆகவே நினைவகத்தைக் கூட்டத் திட்டமிடுபவர், வேகத்தையும் தாமதத்தையும் ஒப்பிடுவதற்கு முன், தம் கருவியில் எல்லோருக்கும் பொதுவான ஸ்லாட் உண்டா என்பதையே முதலில் அறிந்தாக வேண்டும்.