நார்போக் தீவு பைன்

நார்போக் தீவு பைன் என்பது அரோகேரியா குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான ஊசியிலை மரம் ஆகும். இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள நார்போக் தீவு. பெயரில் பைன் என்றிருப்பினும் இது உண்மையான பைன் அன்று. 1774 இல் இத்தீவைக் கண்ட ஜேம்ஸ் குக், இம்மரம் கப்பல்களின் பாய்மரத்துக்கு உதவும் எனக் கருதினார். ஆனால் அதற்குரிய உறுதி இதற்கில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படுகின்றது.

வளர்ப்பு

அடுக்கடுக்கான கிளைகளே இதன் அழகு. நுனிக்குருத்து ஒடிந்தால் அவ்வமைப்பு கெடும். பக்கக் கிளையை வெட்டி நட்டால், வேர் பிடித்தாலும் நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும். எனவே விதைக்கன்றே சிறந்தது. வெளிச்சமோ காற்றின் ஈரப்பதமோ குறைந்தால் கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புதுக்கிளை தோன்றுவதில்லை. தொட்டியில் நீர் தேங்கலாகாது. உப்புக்காற்றை நன்கு தாங்குவதால் கடற்கரை ஊர்களுக்கும் ஏற்றது.