கெலார்டின் மௌனமும் அப்புத்தளைப் பறவையும்

இலங்கையின் ஈரமான மலைக்காடுகளில், பெரும்பாலும் 900 மீட்டருக்கு மேல், நீரோடைகளை ஒட்டி வாழும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி, மேற்குத் தொடர்ச்சி மலையின் சீகாரப் பூங்குருவிக்கு உறவானது. அளவில் அதனினும் சிறியது. 1872-இல் இலங்கைப் பறவைப் பட்டியலை வெளியிட்ட ஹோல்ட்ஸ்வொர்த் இதனைப் புதிய இனமாக அறிவித்து, காப்பித் தோட்டக்காரரான சாமுவேல் பிளையின் பெயரைச் சூட்டினார். நுவரெலியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் கெலார்ட் 1852-இல் வெளியிட்ட விலங்குத் தொகுப்பில் இப்பறவை இல்லை. இந்த இல்லாமையைச் சான்றாக்கி, காப்பி மேல்மலைகளை முழுமையாக எட்டுவதற்கு முன்பே பறவை அரிதாகிவிட்டிருந்தது என்று கூறும் வாசிப்பு ஒன்று உண்டு.

அவ்வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கெலார்ட் கூர்ந்த கண்ணுடையவர். 1850-இல் மலைநாட்டு மூஞ்சூறுகளையே விவரித்தவர், கரிய நீலமேனியும் தோளில் ஒளிரும் நீலத்திட்டும் கொண்ட ஆண்பறவையைக் காணத் தவறியிருப்பாரா என்ற வினா நியாயமானதே. ஆயினும் தேடிக் கிடைக்காமை வேறு, தேடாமை வேறு. கெலார்டின் மௌனம் இரண்டில் எது என்பதற்கு அந்நூலுக்குள் விடை இல்லை. விரைந்தோடும் ஓடைகளின் பாறையிடுக்குகளில் இரைதேடி, பெரிதும் விடியலிலும் அந்தியிலுமே வெளிப்பட்டு, நீரிரைச்சலைத் துளைக்கும் கூரிய சீழ்க்கையால் தன்னை அறிவிக்கும் பறவை, பகலில் காட்டுப்பாதை வழியே துப்பாக்கியுடன் செல்பவரின் கைக்கு எட்டுவது தற்செயலையே பொறுத்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். புதரடியில் பதுங்கும் இலங்கைப் புதர்க் கதிர்க்குருவியும் எளிதில் கண்ணில் படாததே. எனினும் அதனை விலங்கியலாளர் பிளைத் 1851-லேயே விவரித்துவிட்டார். பதுங்கும் இயல்பு மட்டுமே காரணமாயின் கதிர்க்குருவியும் பதிவுக்குத் தப்பியிருக்க வேண்டும். ஆனால் கதிர்க்குருவி மேல்மலைக் காட்டின் அடிப்புதர் முழுதும் பரவி வாழ்வது, பூங்குருவியோ ஓடைக்கரை என்னும் மெல்லிய கீற்றுக்குள் அடங்குவது. ஆகவே பரப்பிலுள்ள வேறுபாடே பதிவிலும் வேறுபாடாகியிருக்கலாம். இது ஊகமே என்றாலும், மௌனத்தை எண்ணிக்கையாக மாற்றும் ஊகத்தைவிட இதற்கு அடிப்படை அதிகம்.

முதல் மாதிரி அப்புத்தளைப் பகுதியில், தோட்டக்காரர் ஒருவர் வழியாகக் கிடைத்ததும் கவனத்திற்குரியது. காட்டை வெட்டிய காப்பியே ஓடைக்கரைகளுக்குப் பாதையும், அங்கு ஆண்டுக்கணக்கில் வாழும் பார்வையாளரையும் கொண்டுவந்தது. அதனால் பறவையின் வாழிடம் சுருங்கத் தொடங்கிய காலமும் அது அறியப்பட்ட காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. 1872 அச்சேறிய ஆண்டே. பறவை மலைமக்களின் கண்ணில் முதலில் பட்ட ஆண்டாக அதனைக் கொள்ள வழியில்லை. பாதை சென்ற இடத்திலேயே பறவை காணப்படும் இப்போக்கு பிற்காலத்திலும் மாறவில்லை: ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் சாலையோரத்தில், பறவையின் பழைய பேரினப் பெயரையே தாங்கி நிற்கும் அரெங்காக் குளம், பறவை நோக்குவோர் இதற்காகக் காத்திருக்கும் இடமாயிற்று.

காடழிவு இவ்வினத்தைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. அழியும் ஆபத்திலுள்ள இனமாக அது இன்று வகைப்படுத்தப்படுவதும் அதனாலேயே. குறைவு எந்த அளவிலிருந்து தொடங்கியது என்பதற்கு மட்டும் 1852-ஆம் ஆண்டு நூலை அளவுகோலாக்க இயலாது.