பதினோராவது ஆட்டம்

சதுரங்கத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை டீக்கடைப் பெஞ்சில், என் மாமாவிடம் தோற்றுத் தோற்றே கற்றவன் நான். அவ்வளவுதான்.

1995 செப்டம்பரில் எனக்குப் பதினைந்து வயது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். செய்தி எங்களுக்கு ஒரு நாள் பிந்தித்தான் வரும். மாமா பத்திரிகையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் காய்களை நகர்த்துவேன்.

முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி தோல்வி இல்லை. ஒன்பதாவதில், மயிலாடுதுறையில் பிறந்த நம் ஆனந்த், காஸ்பரோவின் சிசிலியன் தற்காப்பை உடைத்தார். மாமா கடையிலிருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தந்தார். அவர் கைச்செலவில் கெட்டி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தாவதில் காஸ்பரோவ், முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த திட்டப்படி, யானையையே பலி கொடுத்து வென்றார்.

அடுத்தது பதினோராவது. ஆனந்துக்கு வெள்ளைக் காய்கள். கறுப்பு மறுபடியும் சிசிலியனில்தான் இறங்கியது. ஆனால் ஐந்தாவது நகர்த்தலில், ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயைக் காஸ்பரோவ் ஒரு கட்டம் தள்ளினார். 'டிராகன்'! அவரிடமிருந்து யாரும் எதிர்பாராதது. அந்தச் சிப்பாய் வரிசையின் வளைவு, வானத்து டிராகன் நட்சத்திரக் கூட்டத்தைப் போல இருப்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சிப்பாய் விலகிய இடத்தில் மந்திரி பதுங்கி உட்கார்ந்து, பலகையின் மூலைக்கு மூலை குறி வைக்கும். வெள்ளை ஒரு புறம் ராஜாவை ஒளித்து மறுபுறம் சிப்பாய்களை ஏவும், கறுப்பும் அப்படியே. யார் முந்துகிறார்களோ அவர் பிழைத்தார்.

விந்தை என்னவென்றால், டிராகன் அன்று ஆனந்தைக் கடிக்கவில்லை. புயல் ஓய்ந்து நிலை ஏறக்குறையச் சமமான பிறகுதான் அவர் கை தவறியது. முந்தைய ஆட்டத்தின் தோல்வி இன்னும் ஆறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மாமாவோ, "எதிராளி படிக்காத பாடத்தில் பரீட்சை வைப்பது அநியாயம்டா" என்று கொதித்தார். அநியாயம் ஒன்றுமில்லை, தெரியாத இடத்துக்கு இழுத்துப் போவதும் ஆட்டம்தானே?

பதின்மூன்றாவதிலும் அதே டிராகன், அதே முடிவு. பதினான்காவதும் போயிற்று. கடைசிக் கணக்கு பத்தரைக்கு ஏழரை. ஆனந்த் முதன்முதலாக உலக சாம்பியனாக, டெஹ்ரானில் 2000 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதினோராவது ஆட்டத்தின் செய்தி வந்த அன்று மாலை, மாமா பேசாமல் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டார். கறுப்பு அவருக்கு. ஐந்தாவது நகர்த்தலில் அந்தச் சிப்பாயைத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.